போன வருடப் பாட்டைத் திறந்தால் பிளகின் காணோம்: வெர்ஷன், லைசென்ஸ், அப்கிரேடு

கேள்வி இது. கீழக்கரையில் சின்ன ஸ்டுடியோ. டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 10, க்யூபேஸ் 10.5, வெளியில் போய் ரெக்கார்டிங் எடுக்க லேப்டாப்பில் ரீப்பர் (இரண்டும் பாட்டைப் பதிவு செய்து மிக்ஸ் செய்யும் மென்பொருள்). போன வருடம் முடித்துக் கொடுத்த ஓர் இஸ்லாமியப் பாடலில் இரண்டு வரியை மாற்றித் தரச் சொல்லி வந்திருக்கிறார்கள். நடுவில் டெஸ்க்டாப்பை ஒருமுறை ஃபார்மட் செய்தாயிற்று. இப்போது அந்தப் புராஜெக்டைத் திறந்தால் சில பிளகின் (க்யூபேஸுக்குள் சேர்த்து ஓட்டும் எஃபெக்ட், வாத்தியம் போன்ற துணை மென்பொருள்) காணோம் என்கிறது, இரண்டு லைசென்ஸ் கேட்கிறது, ஒன்று திறந்தாலும் சத்தம் வேறு மாதிரி இருக்கிறது. போதாததற்கு விண்டோஸ் 11 போடு, புதுக் கம்ப்யூட்டர் வாங்கு என்று ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள். எதை அப்டேட் செய்வது, எதைத் தொடாமல் விடுவது?

முதல் வேலை, அந்தப் புராஜெக்டை அதே பெயரில் சேவ் செய்யாமல் இருப்பது. ஃபோல்டரை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் காப்பி எடுத்துக்கொண்டு, காப்பியில் மட்டும் கை வையுங்கள். பிளகின் இல்லாத நிலையில் அவசரமாகச் சேவ் செய்து, காலியாகத் தெரியும் இன்சர்ட்டில் (டிராக்கில் பிளகின் உட்காரும் இடம்) வேறொன்றைப் போட்டுவிட்டால், பழைய செட்டிங் போனது போனதுதான்.

புராஜெக்ட் ஃபைலுக்குள் பிளகின் கிடையாது. அதில் எழுதியிருப்பது பிளகினின் அடையாள எண்ணும், அதில் நீங்கள் திருகி வைத்த அளவுகளும். திறக்கும்போது க்யூபேஸ் அந்த அடையாளத்தைக் கொண்டு கம்ப்யூட்டரில் தேடுகிறது. கிடைத்தால் அளவுகளைக் கையில் கொடுக்கும், கிடைக்காவிட்டால் காணோம் என்று பட்டியல் போடும். அந்தப் பட்டியலைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று.

ஒன்று, பிளகின் இருக்கிறது, ஆனால் க்யூபேஸ் தேடும் இடத்தில் இல்லை. விஎஸ்டி என்பது பிளகின் எழுதப்படும் வடிவம், அதில் 2 பழையது, 3 புதியது. விஎஸ்டி3 பிளகின்களுக்கு விண்டோஸில் இடம் நிலையானது: சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள் காமன் ஃபைல்ஸ், அதற்குள் விஎஸ்டி3. விஎஸ்டி2 அப்படியல்ல. இன்ஸ்டாலர் கேட்கும்போது எந்த ஃபோல்டரைச் சொன்னீர்களோ அங்கே போய் உட்காரும். ஃபார்மட்டுக்கு முன் ஓர் இடம், பின் ஓர் இடம் என்று ஆகியிருந்தால் க்யூபேஸின் பிளகின் மேனேஜரில் அந்த ஃபோல்டரைச் சேர்த்து மறுபடி ஸ்கேன் செய்தால் முடிந்தது.

இரண்டு, பழைய புராஜெக்டில் இருந்தது விஎஸ்டி2, இப்போது ஏற்றியிருப்பது விஎஸ்டி3. க்யூபேஸைச் செய்யும் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 2018 அக்டோபரில் விஎஸ்டி2 உருவாக்கும் கருவித்தொகுப்பைக் கொடுப்பதை நிறுத்திவிட்டது. அதனால் பல கம்பெனிகளின் புது இன்ஸ்டாலரில் விஎஸ்டி2 இருப்பதில்லை, அல்லது டிக் போட்டால்தான் வரும். பெயர் ஒன்றுதான், அடையாள எண் வேறு. சில கம்பெனிகள் தங்கள் விஎஸ்டி3க்குள் 'நான்தான் அந்தப் பழைய ஆள்' என்று குறிப்பு எழுதி வைத்திருக்கும். அவை தானாக மாறிக்கொள்ளும். எழுதாதவை காணோம் பட்டியலில் நிற்கும். இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டி, கஸ்டம் என்பதைத் தேர்ந்து, விஎஸ்டி2வுக்கும் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதே பிளகினின் பழைய வெர்ஷன் இன்ஸ்டாலர்தான் வழி.

மூன்று, லைசென்ஸ் இல்லாததால் ஸ்கேன் நடக்கும்போதே பிளகின் முரண்டு பிடித்து, க்யூபேஸ் அதை ஒதுக்கல் பட்டியலில் போட்டிருக்கும். லைசென்ஸைச் சரிசெய்த பிறகும் இந்தப் பட்டியல் தானாகக் கலையாது. பிளகின் மேனேஜரில் போய் அதை மறுபடி இயக்க வேண்டும். ரீப்பரில் இதற்கு இணையானது, விஎஸ்டி செட்டிங் பக்கத்தில் உள்ள கேஷை அழித்து மறுபடி ஸ்கேன் செய்யும் பொத்தான்.

ரீப்பரில் ஒரு வசதி கூடுதல். அதன் புராஜெக்ட் ஃபைல் வெறும் எழுத்துதான். நோட்பேடில் திறந்து விஎஸ்டி என்று தேடினால் எந்த டிராக்கில் எந்த பிளகின், எந்த வகை என்பது வரிசையாகத் தெரியும். ஆறு மாதம் கழித்து என்ன போட்டோம் என்று மூளையைக் கசக்க வேண்டியதில்லை.

வேவ்ஸ் கம்பெனியின் பிளகின் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு. வேவ்ஸ் பிளகின்கள் நேரடியாகக் கண்ணில் படாது, வேவ்ஷெல் என்ற ஃபைல் வழியாகத்தான் உள்ளே வரும். வெர்ஷனுக்கு வெர்ஷன் ஷெல் வேறு. பழசுதானே என்று ஒரு ஷெல்லை அழித்தால் அந்த வெர்ஷனில் இருந்த எல்லாப் பிளகினும் ஒரே அடியாகக் காணாமல் போகும். பத்துப் பிளகின் ஒன்றாக மறைந்திருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

சாம்பிள் காணோம் என்று கான்டாக்ட் (பதிவு செய்த வாத்திய ஒலிகளை வாசிக்கும் பிளகின்) கேட்டால் லைசென்ஸ் பக்கம் ஓடாதீர்கள். ஃபார்மட்டுக்குப் பின் லைப்ரரி டிஸ்க்கின் எழுத்து இ-யிலிருந்து எஃப்-க்கு மாறியிருக்கும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் பழைய எழுத்தையே கொடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கான்டாக்ட்டில் இன்னொன்றும் உண்டு: புது வெர்ஷனில் சேவ் செய்த இன்ஸ்ட்ருமென்ட் பழைய வெர்ஷனில் திறக்காது. டெஸ்க்டாப்பில் 8, லேப்டாப்பில் 7 என்று வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி வேலை செய்தால் தலைவலி நிச்சயம். இரண்டிலும் ஒரே வெர்ஷன் இருக்கட்டும். 7ஐயும் 8ஐயும் ஒரே கம்ப்யூட்டரில் அருகருகே வைக்கலாம்; 8 வந்ததற்காக 7ஐ எடுத்துவிடாதீர்கள், பழைய பாட்டு 7ஐத்தான் தேடும்.

இனி, திறந்தும் சத்தம் வேறாக இருப்பது. இதைக் காதால் மட்டும் முடிவு செய்யக் கூடாது. ஒரு வருடம் கழித்துக் கேட்கும் காது எதையும் சொல்லும். போன வருடம் கொடுத்த மிக்ஸ் கையில் இருக்கிறது அல்லவா, அதைப் புராஜெக்டில் ஒரு டிராக்காக மாஸ்டர் பஸ்ஸை (எல்லா டிராக்கும் கடைசியில் சேரும் இடம்) தவிர்த்து ஏற்றுங்கள். அதன் ஃபேஸை, அதாவது ஒலி அலையின் மேல் கீழை, தலைகீழாக்குங்கள். இப்போதைய மிக்ஸை 32 பிட் ஃப்ளோட்டில் ரெண்டர் செய்து, இரண்டையும் ஒரே ஆரம்பத்தில், ஒரே சத்த அளவில் ஒன்றாக ஓட்டுங்கள். எதுவும் மாறவில்லை என்றால் நிசப்தம் வரும். 16 பிட்டில் கொடுத்த மிக்ஸ் என்றால் மைனஸ் 90 டெசிபலுக்குக் கீழே மெல்லிய இரைச்சல் மிஞ்சும், அது பரவாயில்லை. குரல் மட்டும் மிஞ்சினால் மாறியது குரல் செயின், அதாவது குரலில் வரிசையாகப் போட்ட பிளகின்கள். கோரஸ், சில ரிவெர்ப், பழைய மெஷினின் இரைச்சலைப் போலி செய்யும் பிளகின்கள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறாகத்தான் ஓடும். அவற்றை அணைத்துவிட்டு, சந்தேகப்படும் டிராக்கை மட்டும் தனியாக ஒப்பிட்டால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். புது வெர்ஷன் ஏற்றும்போதும் இதே சோதனைதான்: ஏற்றும் முன் 30 விநாடி ரெண்டர், ஏற்றிய பின் அதே 30 விநாடி, கழித்துப் பார்ப்பது.

வெர்ஷன் எண்ணைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். 3.2.1 என்றால் முதல் எண் பெரிய மாற்றம், பெரும்பாலும் காசு கட்ட வேண்டியது. நடு எண் புது வசதி. கடைசி எண் பிழைத் திருத்தம். கடைசி எண் மாறினால் பயமில்லை என்பது பொதுவிதிதான், உத்தரவாதமில்லை. நல்ல கம்பெனிகள் முதல் எண் மாறும்போது அதைத் தனிப் பிளகினாகவே வெளியிடும். ஃபேப்ஃபில்டரின் ஈக்யூ பிளகினான ப்ரோ-க்யூ 4, 2024 டிசம்பரில் வந்தபோது ப்ரோ-க்யூ 3 அப்படியே இருந்தது. பழைய பாட்டு 3ஐத் திறக்கும், புதுப் பாட்டுக்கு 4. இரைச்சல் நீக்கும் ஐசோடோப்பின் ஆர்எக்ஸும் இப்படித்தான். பழையதன் மேலேயே புதியதை எழுதும் கம்பெனிகளிடம்தான் உஷார் தேவை.

லைசென்ஸ் விஷயத்தில் பலருக்கும் சிக்கல் வருவது, அது எங்கே குடியிருக்கிறது என்று தெரியாமல் இருப்பதால். நான்கே இடம்: வெறும் சீரியல் எண் அல்லது கீ ஃபைல், கம்ப்யூட்டர், யுஎஸ்பி டாங்கிள் (பென்டிரைவ் மாதிரி செருகும் லைசென்ஸ் சாவி), இணையக் கணக்கு.

சீரியல் எண், கீ ஃபைல் வகைதான் நம் மாதிரி ஊருக்கு உத்தமம். ஃபேப்ஃபில்டர், வல்ஹல்லா, ரீப்பர் எல்லாம் இந்த வகை. எண்ணையோ ஃபைலையோ பத்திரமாக வைத்திருந்தால் எத்தனை ஃபார்மட்டும் தாங்கும். வாங்கும்போது இரண்டு பிளகின் சத்தத்தில் சமமாக இருந்தால் இந்த வகையையே எடுங்கள்.

கம்ப்யூட்டரில் குடியிருக்கும் வகைதான் ஃபார்மட்டில் அடிபடுவது. லைசென்ஸ் மேனேஜர் உங்கள் மதர்போர்டு, டிஸ்க், நெட்வொர்க் கார்டு போன்றவற்றைச் சேர்த்து ஒரு முகவரி செய்து வைத்திருக்கும். ஃபார்மட் செய்தாலோ மதர்போர்டு மாற்றினாலோ அந்த முகவரி மாறும். கணக்கில் பார்த்தால் லைசென்ஸ் இன்னும் பழைய வீட்டில் இருப்பதாகவே காட்டும். அதனால் ஃபார்மட்டுக்கு முன் எல்லாவற்றையும் காலி செய்ய வேண்டும். பல கம்பெனிகள் லைசென்ஸுக்குப் பயன்படுத்தும் ஐலாக்கின் லைசென்ஸ் மேனேஜரில் இந்தக் கம்ப்யூட்டரில் இருப்பவற்றை டீஆக்டிவேட் செய்து கணக்குக்குத் திருப்புங்கள். வேவ்ஸ் சென்ட்ரலில் லைசென்ஸ்களை கிளவுடுக்கு நகர்த்துங்கள். மற்றவற்றில் பிளகினைத் திறந்து உள்ளேயே டீஆக்டிவேட் இருக்கிறதா என்று பாருங்கள். இது அரை மணி நேர வேலை. செய்யாமல் விட்டால் ஒவ்வொரு கம்பெனிக்கும் மெயில் எழுதிக் காத்திருக்கும் வேலை. உங்களுக்கு இப்போது நடந்திருப்பது இதுதான். கணக்கில் நுழைந்து பழைய கம்ப்யூட்டரை நீக்க வழி இருந்தால் நீக்குங்கள். இல்லாவிட்டால் வாங்கிய ரசீதை இணைத்து, கம்ப்யூட்டர் ஃபார்மட் ஆனது, ஆக்டிவேஷனைத் திருப்பித் தாருங்கள் என்று நான்கு வரியில் எழுதுங்கள். பொதுவாகக் கொடுப்பார்கள். மின்னலிலோ வோல்டேஜ் ஏற்றத்திலோ செத்துப்போன கம்ப்யூட்டருக்கும் இதே வழிதான்.

டாங்கிள் வகைக்கு ஃபார்மட் ஒரு பொருட்டில்லை. அதன் எதிரி உப்புக் காற்று. கீழக்கரை, மண்டபம், பாம்பன், தொண்டி என்று கடலைப் பார்த்த ஊர்களில், ஜன்னல் திறந்திருக்கும் அறையில், யுஎஸ்பி முனையில் உப்பு படிந்து ஈரத்தை இழுக்கும். வாடைக் காற்று மாதங்களில் இன்னும் வேகமாக. அடிக்கடி பிடுங்கிச் செருகினால் முனையின் பூச்சு தேய்ந்து அடியில் இருக்கும் செம்பில் களிம்பு ஏறும். அப்புறம் டாங்கிள் ஒரு நிமிடம் தெரியும், ஒரு நிமிடம் தெரியாது. பாடுபவர் மைக் முன் நிற்கும்போதுதான் அது நடக்கும். டாங்கிளை ஒரு சிறிய யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயரில் நிரந்தரமாகச் செருகி, ஒயரின் மறுமுனையை மட்டும் கழற்றி மாட்டுங்கள். தேய்மானம் விலை குறைந்த ஒயரோடு போகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முனையை 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள். செல்போன் ரிப்பேர் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கிடைக்கும். பெட்ரோலோ தேங்காய் எண்ணெயோ வேண்டாம். வெளியே எடுத்துப் போகும்போது சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள்.

ஐலாக்கில் ஸீரோ டவுன்டைம் என்று ஒரு வருடக் கட்டணம் உண்டு. டாங்கிள் உடைந்தாலோ தொலைந்தாலோ தற்காலிக லைசென்ஸ் உடனே கிடைக்கும். டாங்கிளில் இருப்பவற்றின் மொத்த மதிப்பு முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போனால் கட்டிவிடலாம். ஒரே ஒரு பிளகினுக்காகத் தேவையில்லை.

உங்கள் க்யூபேஸ் 10.5 டாங்கிள் வேறு கதை. அது ஸ்டெயின்பெர்க்கின் பழைய லைசென்ஸ் முறையான இ-லைசென்ஸர். அந்தச் சேவை 2025 மே 20 அன்று மூடப்பட்டது. டாங்கிளில் ஏற்கெனவே இருக்கும் லைசென்ஸ் வேலை செய்துகொண்டே இருக்கும். ஆனால் அதை இன்னொரு டாங்கிளுக்கு நகர்த்துவதோ, தொலைந்தால் மீட்பதோ நடக்காது. நகை மாதிரி வையுங்கள். அந்த யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் யோசனை முதலில் இதற்குத்தான். 2022இல் வந்த க்யூபேஸ் 12 முதல் டாங்கிள் கிடையாது, ஒரே லைசென்ஸை மூன்று கம்ப்யூட்டரில் போடலாம். எப்போதாவது க்யூபேஸுக்குக் காசு செலவு செய்வதென்றால், புது வசதிகளை விட இந்த ஒன்றே போதுமான காரணம்.

இணையத்தில் குடியிருக்கும் வகை, ஐலாக் கிளவுட் போன்றது, நெட் இருக்கும்வரைதான் ஓடும். ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டர் மட்டுமே. கரன்ட் போனால் யுபிஎஸ்ஸில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் ரவுட்டர் அணைந்துவிடும்; பிளகின் லைசென்ஸ் கேட்டு நிற்கும். இதற்கு 12 வோல்ட் ரவுட்டர் யுபிஎஸ் ஒன்று போதும், ஆன்லைனிலும் ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது. ஆனால் லேப்டாப்பில் கிளவுட் லைசென்ஸையே நம்பாதீர்கள். ஏர்வாடி சந்தனக்கூட்டிலோ ராமேஸ்வரத்தில் அமாவாசைக் கூட்டத்திலோ ரெக்கார்டிங் போட்டுவிட்டு மொபைல் நெட்டை நம்பி நிற்க முடியாது. கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு சோதனை: லேப்டாப்பை ஃபிளைட் மோடில் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, ரீப்பரில் அன்று தேவையான புராஜெக்டைத் திறந்து ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். எது லைசென்ஸ் கேட்கிறதோ அதை அன்றைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு பதிவேடு வேண்டும். எக்ஸெல் இருந்தால் எக்ஸெல், இல்லாவிட்டால் நீள நோட்டு. பிளகின் பெயர், இப்போதைய வெர்ஷன், விஎஸ்டி2-வா 3-ஆ, லைசென்ஸ் எங்கே இருக்கிறது, எத்தனை கம்ப்யூட்டர் அனுமதி, எதில் போட்டாயிற்று, எந்த மெயில் கணக்கில் வாங்கியது, சீரியல், வாங்கிய தேதி, அப்டேட் திட்டம் முடியும் தேதி. இதில் மெயில் கணக்கு என்ற கட்டத்தைப் பலர் விட்டுவிடுவார்கள். இன்ஜினியராக இருந்த பையன் தன் மெயிலில் வாங்கிப் போட்டிருப்பான், துபாய்க்குப் போனதும் லைசென்ஸும் கூடவே போய்விடும். ஸ்டுடியோ பெயரில் தனி மெயில், அதற்கு ரீசார்ஜ் விடாமல் வைத்திருக்கும் ஒரு நம்பர். இவ்வளவுதான்.

பதிவேட்டோடு இன்ஸ்டாலர் கிடங்கு ஒன்று. ஏற்றிய ஒவ்வொரு வெர்ஷனின் இன்ஸ்டாலரையும் கம்பெனி, பிளகின், வெர்ஷன், தேதி என்று பெயரிட்டு வெளி டிஸ்க்கில் வையுங்கள். ஃபேப்ஃபில்டர் போன்ற சிலர் பழைய வெர்ஷன்களைத் தங்கள் தளத்தில் வைத்திருக்கிறார்கள். பலரிடம் கடைசி வெர்ஷன் மட்டுமே. வேவ்ஸ் சென்ட்ரலில் ஆஃப்லைன் இன்ஸ்டாலர் எடுக்கும் வசதி உண்டு. நெட் நன்றாக இருக்கும் நாளில் எடுத்துவிடுங்கள்.

இவ்வளவு செய்தாலும் பத்து வருடம் கழித்து அந்தப் பிளகின் இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் பாட்டு முடிந்த அன்றே, பிளகின் எதுவும் தேவைப்படாத வடிவில் அதை இறக்கி வைக்க வேண்டும். உங்களுக்கு இப்போது வந்திருக்கும் இரண்டு வரி மாற்றம், ஸ்டெம் (தாளம், குரல் என்று பகுதி பகுதியாக இறக்கிய ஆடியோ) இருந்திருந்தால் ஒரு மணி நேர வேலை.

இறக்க வேண்டியவை: எல்லா டிராக்கும் பிளகின் இல்லாமல், ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து, 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் வேவ் ஃபைலாக. அதன் மேல் எஃபெக்டோடு கூடிய ஸ்டெம்கள்: தஃப், தபேலா முதலான தாளம் ஒன்று, பேஸ், கீஸ், ஸ்டிரிங்ஸ், முதன்மைக் குரல், கோரஸ், ரிவெர்ப் மட்டும் தனியே. ஆட்டோடியூன் போட்டிருந்தால் குரல் இரண்டு விதமாக: போட்டதும் போடாததும். மிடி ஃபைல். டெம்போ எண்ணை ஃபோல்டர் பெயரிலேயே எழுதுங்கள். முக்கியமான பிளகின்களின் ஜன்னலை ஸ்கிரீன்ஷாட். வேறொரு ஈக்யூவில் அதே வளைவைப் போட இது போதும். குரல் இல்லாத மைனஸ் ஒன் டிராக்கையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள், மேடையில் பாட எப்படியும் கேட்டு வருவார்கள்.

ஸ்டெம் எடுப்பதில் எல்லோரும் தவறும் ஓர் இடம் மாஸ்டர் பஸ். மாஸ்டரில் கம்ப்ரஸரும் லிமிட்டரும் இருக்கும்போது ஸ்டெம்களைத் தனித்தனியாக எடுத்தால், அவற்றைக் கூட்டும்போது பழைய மிக்ஸ் வராது. கம்ப்ரஸர் மொத்தப் பாட்டின் பலத்துக்கு அழுத்தியது. தனியாகத் தஃப் மட்டும் போகும்போது அந்த அளவு அழுத்தாது. மாஸ்டர் பஸ்ஸில் உள்ளவற்றை அணைத்துவிட்டு ஸ்டெம் எடுங்கள், அந்தச் செயினின் செட்டிங்கைத் தனியாகச் சேவ் செய்து ஸ்கிரீன்ஷாட்டும் எடுங்கள். எடுத்த ஸ்டெம்களைப் புதுப் புராஜெக்டில் போட்டு, மேலே சொன்ன கழித்தல் சோதனையை ஒருமுறை ஓட்டினால் எதுவும் விடுபடவில்லை என்று தெரியும்.

இடம் போதுமா என்ற கவலை வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட்டில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு 8.64 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டில் 40 டிராக் என்றால் சுமார் 1.7 ஜிபி, எட்டு ஸ்டீரியோ ஸ்டெம் சேர்த்தால் இன்னொரு 0.7. ஆக 2.4 ஜிபி. ஒரு டிபி டிஸ்க்கில் நானூறு பாட்டு அடங்கும். இரண்டு டிஸ்க்கில் வைத்து, ஒன்றைக் கடற்கரையிலிருந்து தள்ளி, பரமக்குடியிலோ ராமநாதபுரத்திலோ சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

அப்டேட் எப்போது? நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்கு 61 நாள் தடைக்காலம். படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயின்ட் அடிப்பதெல்லாம் அப்போதுதான். ஓடிக்கொண்டிருக்கும் படகில் யாரும் பலகையைப் பெயர்ப்பதில்லை. ஸ்டுடியோவுக்கும் அப்படி வருடத்தில் இரண்டு முறை, ஒரு வாரம் போதும். ரமலானுக்கு முந்தின மாதமும், சந்தனக்கூடு, கோயில் திருவிழா, சர்ச் திருவிழா ஆல்பங்கள் ஓடும் மாதங்களும் வேண்டாம். மற்ற நாட்களில் தானாக அப்டேட் ஆகும் வசதியை எல்லா மேனேஜரிலும் அணைத்து வையுங்கள். அந்த வாரத்திலும் ஒரு நாளில் ஒன்று மட்டும்: முதலில் டிஸ்க்கை முழு இமேஜாக எடுங்கள், அதற்கு இலவசமான க்ளோன்ஸில்லா போதும். பிறகு ஆடியோ இன்டர்ஃபேஸ் டிரைவர், பிறகு க்யூபேஸ், கடைசியாகப் பிளகின்கள். மூன்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டுக் கிராஷ் ஆனால் எது காரணம் என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள் போகும்.

அப்டேட்டுக்குக் காசு கட்டுவதா என்பதில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. இருக்கும் வெர்ஷன் இருக்கும் விண்டோஸில் ஓடுகிறது என்றால் கட்டாதீர்கள். வேவ்ஸின் அப்டேட் திட்டம் காலாவதியானால் பிளகின் நின்றுவிடும் என்று ஒரு பயம் ஊரெல்லாம் இருக்கிறது. அப்படி இல்லை. வாங்கிய வெர்ஷன் அது ஆதரிக்கும் விண்டோஸில் தொடர்ந்து ஓடும், புது வெர்ஷன்தான் கிடைக்காது. வாங்கியே ஆக வேண்டியதை நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃபிரைடே தள்ளுபடி வரை தள்ளிப் போடுங்கள். அது நம் அடைமழைக் காலம் என்பதால் வாங்கி வையுங்கள், ஏற்றுவது அப்புறம். ஈக்யூ, கம்ப்ரஸர் போன்ற அன்றாட வேலைக்கு க்யூபேஸ், ரீப்பரோடு வருபவையே போதும். பாட்டில் வெளிப் பிளகின் எவ்வளவு குறைகிறதோ, நாளைக்குக் காணோம் என்று வருவதும் அவ்வளவு குறையும்.

மாதச் சந்தாவில் எனக்கு நம்பிக்கை குறைவு. சந்தா நின்ற நாளில் அந்தப் பிளகின் இருக்கும் எல்லாப் பாட்டும் ஊமை. தவிர, வெளிநாட்டுக் கம்பெனிக்கு நம் கார்டிலிருந்து தானாகப் பணம் போவதில் 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதி இருக்கிறது. முதல் முறை பதிவு செய்து ஒப்புதல் தர வேண்டும், 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி. கம்பெனி அந்த ஏற்பாட்டில் இல்லை என்றால் பணம் போகாது. மெயிலைப் பார்க்காவிட்டால் சந்தா நின்றதே தெரியாது. புதுக் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்த நிலையில்தான் வரும், வங்கி ஆப்பில் போய்த் திறக்க வேண்டும். கல்யாண வீடியோவின் இரைச்சலை எடுக்க ஒரு மாதம் ஆர்எக்ஸ் வேண்டும் என்பது போன்ற வேலைக்குச் சந்தா சரி. வேலை முடிந்ததும் ஆடியோவாக இறக்கிவிட்டு நிறுத்திவிடுங்கள்.

கிராக் போட்ட (லைசென்ஸை உடைத்த) பிளகின் எப்போதாவது அந்தக் கம்ப்யூட்டரில் இருந்திருந்தால், காசு கொடுத்து வாங்கியதும் ஆக்டிவேட் ஆகாமல் அடம்பிடிக்கும். கிராக் ஏற்றும்போது விண்டோஸின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் கம்பெனியின் சர்வரைத் தடுத்து வரி எழுதியிருப்பார்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று உள்ளே போனால் அந்த ஃபைல் இருக்கும். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து அந்த வரிகளை நீக்குங்கள், கிராக்கின் மிச்சத்தையும் முழுதாக நீக்குங்கள், பிறகு ஒரிஜினலை ஏற்றுங்கள். உங்களிடம் லைசென்ஸ் கேட்கும் இரண்டில் ஒன்று இதனாலும் இருக்கலாம், ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடைசியாக விண்டோஸ் 11. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. முடிந்தது பாதுகாப்பு அப்டேட்தான், கம்ப்யூட்டர் ஓடுவது அல்ல. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 (கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பாதுகாப்பு வசதி) வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். அதைவிடப் பழைய மெஷின் என்றால் குறுக்கு வழியில் 11 ஏற்ற முயலாதீர்கள்; அதை விண்டோஸ் 10இலேயே, நெட் ஒயரைக் கழற்றி, லைசென்ஸ் வேலைக்கு மட்டும் மாட்டி, பழைய பாட்டுகளுக்கான மெஷினாக வைத்துக்கொள்ளலாம். மெயில், யூடியூப் எதுவும் அதில் வேண்டாம்.

மெஷின் 11ஐத் தாங்கும் என்றால் பழைய எஸ்எஸ்டியின் மேல் எழுதாதீர்கள். புது எஸ்எஸ்டி வாங்கி அதில் 11 போடுங்கள், பழையதைக் கழற்றி லேபிள் ஒட்டி வையுங்கள். பழைய பாட்டு கேட்டு வந்தால் மாற்றி மாட்டினால் அன்றைய க்யூபேஸ், அன்றைய பிளகின் எல்லாம் அப்படியே எழுந்து வரும். இதில் ஒரு முரண் உண்டு, முன்கூட்டியே யோசியுங்கள்: புதியதில் போடுவதற்காக லைசென்ஸைப் பழையதிலிருந்து டீஆக்டிவேட் செய்தால் பழையது செயலிழக்கும். டாங்கிளில் இருப்பவை இரண்டிலும் ஓடும். இரண்டு மூன்று கம்ப்யூட்டருக்கு அனுமதி உள்ளவற்றில் ஒன்றைப் பழையதற்கு விட்டுவிடுங்கள். ஒரே ஒரு ஆக்டிவேஷன் மட்டும் உள்ளவை எவை என்று பதிவேட்டில் பாருங்கள். அவை இருக்கும் பாட்டுகளுக்கு மட்டும், எஸ்எஸ்டியைக் கழற்றும் முன் ஸ்டெம் எடுத்து முடித்துவிடுங்கள்.